எட்டுக்கும் ஏழுக்கும் நடுவில்

இருபத்தோரு வருடமாக ரயில்வே பணிமனையில் வாக்கி-டாக்கி பழுது பார்க்கிறேன். மனிதர்களைவிட மெஷின்களோடுதான் எனக்கு ஒத்துப்போகும். மெஷின் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாது. என்ன குறை என்று மீட்டரை வைத்துக் கேட்டால் வைத்த இடத்திலேயே சொல்லிவிடும். அதனால்தான் அந்தப் புது செட்டு என் மேஜைக்கு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புப் பெட்டி. அதை எடுத்துக்கொண்டு போய் டீசல் இன்ஜினின் விசிறிப் பக்கம் நின்றேன். காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காத இடம் அது. சாதாரணக் குரலில், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். பணிமனைக்குள் இன்னொரு செட்டோடு இருந்த உதவியாளர், "என்ன சார், இன்ஜினை அணைச்சிட்டாங்களா?" என்று கேட்டார். இன்ஜின் என் தோளுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டுதான் இருந்தது. செட்டுக்குள் ஒரு வடிகட்டி இருக்கிறது. அது குரலை மட்டும் பொறுக்கி எடுத்து அனுப்பிவிட்டு மீதிச் சத்தத்தையெல்லாம் தூக்கி எறிந்துவிடுகிறது. எனக்கு மெய்சிலிர்த்துப்போனது. அந்த வடிகட்டிக்கு ஐந்து படிகள். அன்றைக்கே அதை ஐந்தாவது படியில் ஏற்றி வைத்தேன். இவ்வளவு நல்ல பொருளை அரைகுறையாக ஏன் பயன்படுத்த வேண்டும்?

எங்கள் மேலதிகாரிக்குப் பணிமனையில் 'சரிசரி' என்று பெயர். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படிக்காமல் "சரி, சரி" என்று கையெழுத்துப் போடுவார். அவர்தான் என்னைக் கூப்பிட்டு, "இன்ஜினுக்கும் யார்டு ஆளுங்களுக்கும் சேர்த்து அறுநூறு செட்டு வாங்கணும். பழைய மாடலே போதுமா, புதுசு வேணுமான்னு ஒப்பிட்டுப் பார்த்து எழுதிக் குடுங்க. நீங்க எழுதறதுதான் முடிவு" என்றார்.

நான் எதையும் ஏனோதானோ என்று செய்கிறவன் இல்லை. முப்பத்தெட்டு வரிசைகளோடு ஒரு படிவம் தயாரித்தேன். எவ்வளவு தூரம் கேட்கிறது, சுரங்கப்பாதைக்குள் கேட்கிறதா, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது, இன்ஜின் படியிலிருந்து ஜல்லியில் விழுந்தால் என்ன ஆகிறது, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தால் என்ன ஆகிறது. பழைய செட்டு செங்கல் கனம். தூரம் கூடக்கூட இரைச்சலும் கூடி, சளி பிடித்தவர் மாதிரிப் பேசும். வாளியிலிருந்து எடுத்த பிறகு இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. முப்பத்தேழு வரிசையிலும் புதுசுதான் ஜெயித்தது. முப்பத்தெட்டாவது மட்டும் பாக்கி: சரக்கு வேகன்களைக் கோத்து நகர்த்துகிற யார்டில், உண்மையான வேலையில் வைத்துச் சோதனை.

அங்கேதான் என் குடும்பம் வந்து சேர்கிறது. யார்டு இன்ஜினை ஓட்டுகிறவள் என் தங்கை. அவளுக்கு வழி சொல்கிற ஷண்டர் அவள் கணவர், என் மாப்பிள்ளை.

யார்டு வேலை எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் பின்னால் நின்று இருபது, இருபத்தைந்து வேகன்களை முன்னால் தள்ளும். டிரைவருக்கு முதல் வேகனின் சுவர் தெரியும், வேறொன்றும் தெரியாது. அத்தனை வேகனுக்கும் அந்தக் கோடியில், கடைசி வேகனின் படியில் தொற்றிக்கொண்டு ஷண்டர் நிற்பார். நிறுத்த வேண்டிய இடத்துக்கு இன்னும் எத்தனை வேகன் நீளம் இருக்கிறது என்று அவர் செட்டில் எண்ணிக்கொண்டே வருவார். பத்து. ஒன்பது. எட்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் டிரைவர் ஒரு ஹாரன் கொடுக்க வேண்டும். ஒரு வேகன் நீளம் நகர்ந்தும் அடுத்த எண் வரவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். நடக்கிற வேகத்தில் போனால் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் எட்டு, ஒன்பது விநாடி. ஆயிரம் டன் இரும்பு, பார்வை இல்லாமல், ஒரு மனிதனின் வாய்வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது. பழகிப்போனதால் அதை யாரும் அதிசயம் என்று நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை.

எனக்கு இருந்ததெல்லாம் கோபம்தான். யார்டு ஆட்கள் எல்லோருக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பேசும்போது மட்டும் பொத்தானை அழுத்திவிட்டு, பேசி முடித்ததும் விட்டுவிட வேண்டும் என்பது விதி. இவர்களோ தள்ளத் தொடங்கியதிலிருந்து நிறுத்துகிற வரைக்கும் பொத்தானை விடுவதே இல்லை. அழுத்திக்கொண்டிருக்கும்வரை எதிர்ப்பக்கம் பேசுவது கேட்காது. பேட்டரியும் மத்தியானத்துக்குள் செத்துவிடும். மூன்று முறை சுற்றறிக்கை அனுப்பினேன். ஒருவரும் சட்டை செய்யவில்லை. தங்கையிடம் கேட்டதற்கு, "அது உனக்குப் புரியாதுண்ணா" என்றாள். ரேடியோவைப் பற்றி எனக்குப் புரியாதாம்!

போதாததற்கு இந்த இரண்டு பேரும் அப்போது ஒன்பது நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் அவர்கள் மகள், என் மருமகள். எட்டு வயது. நீச்சல் வகுப்பு முடிந்ததும் மாப்பிள்ளை கூட்டி வருவார் என்று தங்கை இருந்துவிட்டாள். தங்கை கூட்டி வருவாள் என்று அவர் இருந்துவிட்டார். குழந்தை ஈரத் தலையோடு காவலாளியின் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது. நாளெல்லாம் கம்பியில்லாமல் பேசுகிற இரண்டு பேர், ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. அன்று வீட்டில் பெரிய ரகளை. அப்புறம் ஒரே மௌனம். 'அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு', 'அம்மாகிட்ட பசியில்லைன்னு சொல்லு' என்று எல்லாமே குழந்தை வழியாகத்தான். "மாமா, எங்க வீட்டுல இப்ப நான்தான் வாக்கி-டாக்கி" என்று அவள் என்னிடம் அலுத்துக்கொண்டாள்.

சோதனை அன்று காலை பத்து மணிக்கு யார்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் மார்பில் பழைய செட்டையும் புது செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வார்பட்டையால் கட்டினேன். இரண்டு பொத்தானையும் ஒரேயடியாக அழுத்திப் பிடிக்கிற மாதிரி தகரத்தில் ஒரு கிளிப் செய்து கொண்டுபோயிருந்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே சத்தத்தை அனுப்பினால்தானே ஒப்பிட முடியும்?

"என்ன மச்சான், பொத்தானை அழுத்திக்கிட்டே இருக்காதேன்னு நீங்கதான சொல்வீங்க? இப்ப நீங்களே பூட்டுப் போட்டு வைக்கறீங்க" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்" என்றேன். அவர் ஓரக்கண்ணால் இன்ஜினைப் பார்த்தார். ஜன்னலில் தங்கை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஜின் கேபினில் அவளுக்கு இடது பக்கம் பழைய செட்டு, வலது பக்கம் புதுசு. இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்து, இரண்டுக்கும் ஒலிப்பதிவுக் கருவியையும் மாட்டினேன். முதல் தடவை தள்ளியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. இடது பக்கம் கரகரவென்று ஒரே சந்தைக்கடை. வலது பக்கம் மாப்பிள்ளை கேபினுக்குள்ளேயே நின்று சொல்வது மாதிரி, "பன்னிரண்டு." துளி இரைச்சல் இல்லை. தங்கை ஹாரன் கொடுத்தாள். ஆனால் அவள் தலை இடது பக்கமே சாய்ந்திருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டாவது தடவை, நானே கையை நீட்டிப் பழைய செட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

அவள் இன்ஜினை நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிறுத்தின?"

"அதைக் கூட்டி வை. இல்லேன்னா நான் ஓட்ட மாட்டேன்."

"புதுசுல குரல் கண்ணாடி மாதிரி கேக்குதேம்மா!"

"குரல் கேக்குதுண்ணா. ஆள் கேக்கல."

பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேண்டும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பழைய செட்டைத் திரும்பக் கூட்டினேன். படிவத்தில், 'ஊழியர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளப் பயிற்சி தேவை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மூன்றாவது தடவை. இருபத்திரண்டு காலி வேகன்கள். தண்டவாளம் வளைந்து, சிமென்ட் ஏற்றுகிற கொட்டகைக்குள் போகிற இடம். "பத்து" என்றார் மாப்பிள்ளை. ஒரு ஹாரன். "ஒன்பது." ஒரு ஹாரன். "எட்டு." ஒரு ஹாரன். நான் பேனாவைத் திறந்து முப்பத்தெட்டாவது வரிசையில் புதுசுக்கு நேராகச் சரி போடப் போனேன்.

பிரேக் விழுந்தது. நான் போய் முன்பக்கத் தகட்டில் மோதினேன். படிவங்கள் கேபின் முழுக்கப் பறந்தன. முன்னாலிருந்த வேகன்கள் ஒன்றோடொன்று இடித்து, அந்தச் சத்தம் கொட்டகை வரைக்கும் ஓடியது.

"பைத்தியமா உனக்கு? ஏழு சொல்ல இன்னும் நேரம் இருக்கே!" என்று கத்தினேன்.

அவள் ஹாரனை நீளமாக அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். கிளிப் மாட்டியிருப்பதால் அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் செட்டை எடுத்து, "எங்க இருக்கீங்க? எங்க இருக்கீங்க?" என்றாள். ஒன்பது நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு என் பக்கம் திரும்பினாள். டிரைவர் இன்ஜினை விட்டு இறங்கக் கூடாது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஓடுண்ணா."

இருபத்திரண்டு வேகன் நீளம் ஜல்லியில் ஓடினேன். நாற்பத்தேழு வயதில் அப்படி ஓடியதில்லை. ஒவ்வொரு வேகனைத் தாண்டும்போதும் இவள் வீணாகப் பயமுறுத்திவிட்டாள், அவர் படியில் நின்று சிரிக்கப் போகிறார் என்றே நினைத்துக்கொண்டு ஓடினேன்.

கடைசி வேகனின் படியை ஒரு பக்கம் தாங்கியிருந்த போல்ட் பிய்ந்துபோய், படி செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மேலே உள்ள கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி பாதி உடம்பு ஜல்லியில் படக் கிடந்தார். மார்பு வேகனில் அடித்ததில் பேச்சு வரவில்லை. இடது கால் பின்னால் மடங்கி, பூட்ஸ் தண்டவாளத்தின் மேல் இருந்தது. அதற்குப் பின்னால் சக்கரம். என் கையில் மூடாத பேனா அப்படியே இருந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, அந்த இடைவெளியில் பேனாவை வைத்துப் பார்த்தேன். ஒரு பேனா நீளம். அவ்வளவுதான்.

"மச்சான்" என்றார், மூச்சு வந்ததும். "கை விட்டுப் போகப் பார்த்துச்சு. இன்னும் ரெண்டு விநாடி தாங்கியிருக்காது." அவரை அணைத்துத் தூக்கினேன். "உங்க கிளிப்பு இல்லேன்னா ஒரு கை பொத்தான்ல இருந்திருக்கும்" என்று, அந்த நிலைமையிலும் எனக்கு ஆறுதல் சொன்னார்.

கணுக்கால் எலும்பில் விரிசல், விலாவில் வீக்கம். மருத்துவமனையில் கட்டுப் போட்டு, மூன்று வாரம் நடக்கக் கூடாது என்றார்கள். தங்கை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். நான் பணிமனைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விதிப்படி காத்திருந்தால், ஏழு வரவில்லை என்று தெரிந்து பிரேக் போட இன்னும் ஐந்தாறு விநாடி ஆகியிருக்கும். இரண்டு விநாடி தாங்காத கை, ஐந்து விநாடி தாங்குமா? அவளுக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

முதலில் புது செட்டின் பதிவைப் போட்டேன். "எட்டு." அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. எழுதாத தாள் மாதிரி சுத்தம். அடுத்த சத்தம், நான் போய்ச் சேர்ந்த பிறகு அவர் "மச்சான்" என்று கூப்பிட்டது. நடுவில் நடந்த எதுவும் அந்தப் பதிவில் நடக்கவே இல்லை.

பிறகு பழைய செட்டின் பதிவு. "எட்டு." இரைச்சல். நான் இருபத்தோரு வருடமாக ஒழிக்கப் பார்த்த அதே இரைச்சல். திரும்பப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு திரும்பப் போட்டேன். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ அந்த இரைச்சல் விலகிக் கொடுத்தது. உள்ளே ஒரு ஊரே இருந்தது. சட்டைத்துணி செட்டில் உரசுகிற சத்தம். சக்கரம் தண்டவாள இணைப்பைத் தாண்டுகிற டடக், டடக். எங்கோ ஒரு காகம். கொட்டகை நெருங்கியதும் எல்லாச் சத்தமும் கொஞ்சம் கனத்துப்போவது. அதற்கெல்லாம் அடியில், மாப்பிள்ளையின் மூச்சு. ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் அவர் ஒரு மூச்சு இழுக்கிறார். பத்துக்கு முன்னால் இருக்கிறது, ஒன்பதுக்கு முன்னால் இருக்கிறது, எட்டுக்கு முன்னால் இருக்கிறது. எட்டு சொல்லி மூன்று விநாடிக்கெல்லாம், வர வேண்டிய நேரத்துக்கு முன்பே ஒரு மூச்சு வருகிறது. இழுத்த மூச்சு பாதியில் நிற்கிறது. எண் வரவில்லை. சக்கரத்தின் சத்தம் திடீரென்று கிட்டத்தில் கேட்கிறது. அடுத்து பிரேக்.

மூச்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று அளந்தேன். ஒரு விநாடிக்கும் கொஞ்சம் அதிகம். அதற்குள் அவள் கேட்டு, புரிந்து, கையை நகர்த்தி முடித்துவிட்டாள். மேஜை நிறைய மீட்டர் வைத்துக்கொண்டு எனக்கு ஏழு தடவை கேட்க வேண்டியிருந்தது. உடம்பெல்லாம் புல்லரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பெண்ணோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன். அவளுக்கு இப்படி ஒரு காது இருப்பது எனக்குத் தெரியாது.

அவர்கள் ஏன் பொத்தானை விடுவதில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. எண்களுக்காக அல்ல, எண்களுக்கு நடுவில் இருப்பதற்காக. அந்த நடுவைத்தான் நான் குப்பை என்று நினைத்து, ஐந்தாம் படி வடிகட்டியால் பெருக்கித் தள்ளியிருந்தேன். மெஷின் மேல் குற்றம் இல்லை. நான் சொன்னதைத்தான் அது செய்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கையைத் தனியாகப் பிடித்தேன்.

"எல்லா டிரைவருக்கும் இது கேக்குமா?"

"கேக்கும்ணா. ஆள் படியில நிக்கறாரா, ஜல்லில நடக்கறாரா, கொட்டகைக்குள்ள போயிட்டாரா, எல்லாம் தெரியும். ஆனா அவ்வளவு சீக்கிரமா..." என்று நிறுத்தினாள். "வேற ஒரு நாளா இருந்தா எனக்கும் லேட்டாத்தான் தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் அன்னிக்கு மட்டும் எப்படி?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒன்பது நாளா வீட்டுல பேசலயே. யார்டுல மட்டும்தான் அவர் குரல் எனக்குக் கேக்கும். அதுவும் வெறும் நம்பர். ஒவ்வொரு தடவை அவர் மூச்சு இழுக்கும்போதும், இப்ப நம்பர் இல்லாம வேற ஏதாவது சொல்லப் போறாருன்னு காத்துட்டு இருப்பேன். ஒன்பது நாளும் அப்படித்தான். அன்னிக்கும் இழுத்தார். நம்பர் வரல. வேற வார்த்தையும் வரல."

சண்டை போட்ட இரண்டு பேரையும் மடையர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பினார். எல்லா வேகன் படிகளின் போல்ட்டுகளையும் அதற்குள் தட்டிப் பார்த்து முடுக்கியிருந்தார்கள். நான் புது செட்டின் வடிகட்டியை ஐந்தாம் படியிலிருந்து அடியோடு இறக்கி அணைத்து, யாரும் திரும்ப ஏற்ற முடியாதபடி பூட்டிவிட்டு, இன்ஜினில் ஏறினேன். இப்போது ஒரே ஒரு செட்டு, புதுசு மட்டும்தான். படிவத்தில் கையால் கோடு போட்டு முப்பத்தொன்பதாவது வரிசை ஒன்றைச் சேர்த்திருந்தேன்: 'பேசாதபோது ஆள் கேட்கிறாரா?' அடிக்கோடு போட்டு எழுதிய பயிற்சிக் குறிப்பை அடித்துவிட்டேன். அந்தக் காகிதத்தை நீட்டியபோது சரிசரி முதல் முறையாகக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "சரி" என்று ஒரு தடவைதான் சொன்னார்.

அதே கொட்டகை, அதே வளைவு. தங்கை தலையைச் செட்டின் பக்கம் சாய்த்தாள். சட்டைத்துணி உரசியது. சக்கரம் டடக் என்றது. ஒரு மூச்சு வந்தது.

"கேக்குதா?" என்றேன்.

"ம். இருக்கார்."

"பத்து" என்றார் மாப்பிள்ளை. ஹாரன். "ஒன்பது." ஹாரன். "எட்டு." ஹாரன். மூச்சு இழுக்கிற சத்தம் எனக்கே கேட்டது. என்னையறியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சாயந்தரம் நீச்சல் கிளாஸுக்கு நானே போய் பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றது செட்டு. "ஏழு."

பணி நேரத்தில் செட்டில் சொந்தப் பேச்சு பேசுவது விதிமீறல். அப்படிப் பேசியவர்களைப் பற்றி மேலே எழுதிப் போட்டவன் நான்தான், இரண்டு தடவை. தங்கை ஏழுக்கு உண்டான ஹாரனைக் கொடுத்தாள். அப்புறம் விதிப் புத்தகத்தில் எங்கேயும் இல்லாத இன்னொரு ஹாரன், சின்னதாக, கொடுத்தாள். நான் ஜன்னல் வழியாக முதல் வேகனின் சுவரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.